நாலாம் துண்டில் மேய்ந்த மாடுகள்

ஆராய்ச்சிப் பண்ணைக் குவார்ட்டர்ஸில் புல் டாக்டர் வீடு எது என்று கேட்டால் யாரும் விழிக்க மாட்டார்கள். மாட்டு டாக்டர் வேறு. அவர் ஊசி போடுகிறவர், அவருக்கு மரியாதை உண்டு. புல் டாக்டர் புல்லைப் படித்தவள். மாடு எந்தப் புல்லை முதலில் கடிக்கிறது, எதை மோந்துவிட்டு ஒதுக்குகிறது, கடித்த இடம் எப்போது மறுபடி துளிர்க்கிறது, தின்றதில் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது, எவ்வளவு சாணமாக வந்து விழுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தச் சாணத்தையும் அவள் விட்டுவைப்பதில்லை. வழித்தெடுத்து, காயவைத்து, எடை போட்டுவிடுவாள்.

பட்டப்பெயர் வைத்தது ஸ்டோர்கீப்பரின் மனைவி. அந்த அம்மாள் ஒரு பெயர் வைத்தால் வைத்ததுதான், பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்கப்புறம் ரேஷன் கார்டோடு சரி. புல் டாக்டர் ஒரு இரும்புச் சதுரத்தைப் புல்லின் மேல் போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிக் காகிதப் பையில் போடுவதைக் குவார்ட்டர்ஸ் பின்சுவருக்கு இந்தப் பக்கமிருந்து முதன்முதலாகப் பார்த்தபோது, "மனுஷனுக்கு முடிவெட்டிப் பாத்திருக்கேன், ஆட்டுக்கு வெட்டிப் பாத்திருக்கேன், தரைக்கு முடிவெட்டறத இப்பதாம்மா பாக்கறேன்!" என்றாள். வீட்டு வரிசை முழுக்கச் சிரித்தது. டாக்டரும் சிரித்தாள். வேறு என்ன செய்வது, அங்கேதானே குடியிருந்தாக வேண்டும்.

அங்கே குடியிருப்பதுதான் அவளுக்குப் பிரச்சினையே. புருஷனும் மகளும் ராத்திரி ரயிலேறினால் விடியும்போது போய்ச் சேரும் தூரத்தில் ஒரு நகரத்தில். புருஷனுக்கு வேலை அங்கே, மகளுக்குப் பள்ளி அங்கே. மாமனாருக்கு முட்டி மடங்காது, மகன் இருந்ததோ மூன்றாவது மாடி. அதனால் மாமனார் மட்டும் மருமகளோடு. பதினைந்து நாளுக்கொரு தரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ஓடுவதும், திங்கட்கிழமை காலையில் வீங்கின கண்ணோடு வந்து இறங்குவதும் குவார்ட்டர்ஸுக்குப் பழகிப்போன காட்சி. திரும்பி வருகிற தினம் அவள் யாரிடமும் பேச மாட்டாள். "பொண்ணு அழுதிருக்கும்" என்பார்கள் சிலர். "பொண்ணு அழலபோல, அதான் இவ்ளோ வருத்தம்" என்பாள் ஸ்டோர்கீப்பர் மனைவி. இரண்டாவது சொன்னதுதான் உண்மை என்பது டாக்டருக்கு மட்டும் தெரியும்.

டைரக்டர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "இந்த ஆய்வை முடிச்சுக் குடுங்க. மறுநாளே உங்க மாற்றல் உத்தரவுல கையெழுத்து." மூன்று மழைக்காலம் ஓட வேண்டிய ஆய்வு அது. மூன்றாவதும் முடியப்போகிறது. அந்த நகரத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடுகூடப் புருஷன் பார்த்து வைத்துவிட்டான்.

ஆய்வு ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. மேய்ச்சல் நிலத்தை நான்கு துண்டாக வேலியிட்டு, நான்கு விதமாக விதைத்திருந்தாள். முதல் மூன்றில் வெவ்வேறு புல். நாலாவதில் புல்லோடு பயறு ஜாதிக் கொடியும் கலந்து. ஒவ்வொரு மழைக்காலமும் ஒரே வயசு, ஒரே எடையில், இன்னும் ஈனாத கிடேரிகளைப் பிரித்து ஒவ்வொன்றிலும் விட்டு, வாராவாரம் எடைமேடைக்கு ஓட்டி வந்து நிறுத்துப் பார்ப்பது. எந்த விதை எந்தத் துண்டுக்கு என்பதைக்கூட, யாரும் குறை சொல்லக் கூடாதென்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்தாள். மண்ணைச் சோதித்தாள். சரிவைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி எல்லா மாட்டுக்கும் சம தூரத்தில் இருக்கிறதா என்று நடந்து பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், நாலாம் துண்டின் கடைசி வேலி குவார்ட்டர்ஸின் பின்சுவர் என்பதை மட்டும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. சுவர்தானே. சுவர் என்ன செய்யும்?

நாலாம் துண்டுக் கிடேரிகள் மினுமினுவென்று கொழுத்தன. அது மட்டுமா, அங்கே புல்லும் குறையவில்லை. மற்ற மூன்றில் மாடுகள் தரையை வழித்து மேய்ந்திருக்க, நாலாவதில் முழங்கால் உயரம் மிச்சம் நின்றது. "மாடும் கொழுக்குது, புல்லும் மிச்சமாகுது!" என்று டைரக்டர் பூரித்துப்போனார். பெரிய எழுத்தில் பேனர் அடிக்கச் சொன்னார். மாடு வளர்ப்பவர்களைச் சுற்றுவட்டாரமெங்கும் இருந்து அழைத்து, வெள்ளிக்கிழமை வயல் விழா. விழா முடிந்ததும் விதை விநியோகம்.

ஒரே ஒரு விஷயம். நடுப்பகலில் நாலாம் துண்டு மாடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுச் சுவரோரம் வரிசையாக வந்து நிற்கும். தூரத்து ஆய்வுக்கூட ஜன்னலிலிருந்து, மாடுகளின் முதுகு மட்டும் தெரிய, டாக்டர் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். பார்த்து, அறிக்கையில் ஒரு பத்தியும் எழுதியிருந்தாள்: சுவரின் நிழலில் இளைப்பாறுவதால் வெயிலின் களைப்புக் குறைந்து, தின்ற தீவனம் நன்றாக உடம்பில் சேர்கிறது என்று. டைரக்டருக்கு அந்தப் பத்தி ரொம்பப் பிடித்திருந்தது.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் ஜன்னல் மாட்டைச் சோதிக்கும் முறை வந்தது. ஜன்னல் மாடு என்பது பண்ணையின் மகாராணி. விலாவில் வட்டமாக ஒரு வழி வைத்து, ரப்பர் மூடி போட்டிருக்கும். மூடியைத் திறந்து கையை விட்டால் நேரே முதல் வயிறு. மாட்டுக்கு வலியுமில்லை, கவலையுமில்லை. ஒருபுறம் கை உள்ளே போகும், மறுபுறம் அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். இத்தனை நாள் முதல் துண்டில் மேய்ந்ததை, அறிக்கைக்கு மெருகேற்ற வேண்டுமென்று டாக்டர்தான் ஒரு வாரம் முன்னால் நாலாவதுக்கு மாற்றியிருந்தாள்.

தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். நல்ல மேய்ச்சல் தின்ற வயிற்றில் ஊறின புல்லின் வாசம் அடிக்கும், அவளுக்கு அது பிடிக்கவும் செய்யும். இப்போது குப்பென்று புளிப்பு வந்து முகத்தில் அடித்தது. அள்ளி வெள்ளைத் தட்டில் போட்டாள். புல். கொடியின் இலை. ஊறிப்போன ரொட்டி ஒரு கவளம். பீன்ஸ் நுனிகள். பிறகு சிவப்பாக, சின்னச் சின்னதாக, சதுரம் சதுரமாக என்னவோ.

மாடு முதலில் லபக்கென்று விழுங்கிவிட்டு அப்புறம்தான் சாவகாசமாக மெல்லும். அதனால் வந்த விருந்து வந்தபடியே கிடந்தது. டாக்டர் ஒரு சதுரத்தை விரலில் எடுத்துப் பார்த்தாள். பீட்ரூட். வேகவைத்தது. இவ்வளவு பொடியாக நறுக்குகிற ஆள் குவார்ட்டர்ஸில் ஒருத்திதான் உண்டு. ரத்தம் குறைவென்று வைத்தியர் சொன்னதற்காக, பல் சரியில்லாத மாமனாருக்காக, காலையில் அவசர அவசரமாக நறுக்கி வைத்துவிட்டு வருகிறவள்.

தன் கைவேலையைத் தானே மாட்டு வயிற்றிலிருந்து எடுத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சிரிக்கத்தான் தோன்றியது. ஒரு கிழவரின் மதியச் சாப்பாட்டால் ஒரு மந்தைக்கு என்ன எடை கூடிவிடும்? ஆனால் ரொட்டி அவள் வீட்டு ரொட்டி இல்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

விடுமுறை நாளில்கூட நடுப்பகலில் வீட்டுக்கு வரும் வழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்கு வந்தாள். வீடுகளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த பின்சந்துக்குள் நுழைந்ததும் டங் டங்கென்று சத்தம். சுவர் நெடுக ஆட்கள். கரண்டியால் பாத்திரத்தைத் தட்டித் தட்டி மாடுகளைக் கூப்பிடுகிறார்கள். ஒருவர் கையில் காய்த்தோல், ஒருவர் கையில் மீந்த சோறு. கேண்டீன் காண்டிராக்டர் கூடை நிறைய பழைய ரொட்டியோடு வந்து, சுவருக்கு மேலே ஒவ்வொன்றாக எறிகிறார். கோடியில் தடியை ஊன்றிக்கொண்டு மாமனார், தட்டைச் சுவர் மேல் வைத்து, "மெதுவா, மெதுவா, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

டாக்டர் குனிந்து தரையைப் பார்த்தாள். உச்சி வெயிலில் அவள் நிழல் அவள் காலடியிலேயே கிடந்தது. இடுப்பளவுச் சுவரின் நிழல் ஒரு சாண்கூட இல்லை. இந்த நேரத்தில் இந்தச் சுவருக்கு என்ன நிழல் இருக்கும் என்று மூன்று வருஷமாக அவளும் யோசிக்கவில்லை, அந்தப் பத்தியைப் படித்துத் தலையாட்டிய பெரிய மனிதர்களும் யோசிக்கவில்லை.

"மாமா."

அவர் திரும்பினார். தட்டை மறைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

"எவ்ளோ நாளா மாமா?"

"எத?"

"இத."

"அது என்னம்மா... நான் வந்ததுலேர்ந்துதான். ஒரு வாய் நானும் சாப்பிடறேன், மிச்சத்த அதுக்குக் குடுக்கறேன். பீட்ரூட்ட மட்டும் முழுசா குடுத்துடறேன், பொய் சொல்லலை."

"அதுங்க ஆராய்ச்சி மாடு மாமா. புல்லத் தவிர எதையும் திங்கக் கூடாது."

"யார் சொன்னாங்க எங்கிட்ட? நீ காலைல போனா இருட்டினப்புறம் வர்ற. வந்தா புல்லக் காயப்போடற. நான் பேசறதுக்கு இங்க யாரும்மா இருக்கா? கரண்டிய தட்டினா அதுங்களாவது வருது." பேச்சு கொஞ்சம் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, "நான் மட்டுமா குடுத்தேன்? ஊரே குடுக்குது!" என்றார்.

ஊர் அதற்குள் பாத்திரங்களோடு பாதி கலைந்திருந்தது. ஸ்டோர்கீப்பர் மனைவி மட்டும் கலையவில்லை. கலைந்தால் மிச்சத்தை யார் கேட்பது?

"என்ன மேடம் புதுசா கேக்கறீங்க? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்."

"எப்படிங்க எனக்குத் தெரியும்?"

"ஏன், மாடு என்ன சாணி போடுதுன்னு பாத்து எடை போடறீங்க. என்ன திங்குதுன்னு தெரியாமலா இருக்கும்னு நெனச்சோம். தெரிஞ்சும் பெரிய மனசு பண்ணி சும்மா இருக்காங்க, நல்ல மனுஷின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்!"

நல்ல மனுஷி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாடும் கொழுக்கிறது, புல்லும் மிச்சமாகிறது. ஆகாதா பின்னே? ரொட்டியும் சோறும் தின்று வயிறு நிறைந்த மாடு எதற்காகப் புல்லைத் தேடிப் போகும்? மூன்று வருஷத்து வேலை சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

சாயங்காலம் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் முழுக்கக் கேட்டான். முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கவனித்து நிறுத்தினான்.

"யாருக்குத் தெரியும் இது?"

"குவார்ட்டர்ஸ்ல எல்லாருக்கும்."

"அத விடு. ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப என்ன? புல்லு நல்ல புல்லுதானே? விஷம் இல்லயே?"

"நல்ல புல்லா இல்லையான்னே தெரியாதுங்க. அதான் விஷயம்."

"இங்க பாரு. வீடு பாத்தாச்சு. பொண்ணுகிட்ட அம்மா வந்துடுவான்னு சொல்லியாச்சு. அவ இப்பல்லாம் எங்கிட்டயே சரியா பேசறதில்ல, ரூம் கதவ சாத்திக்கறா. நான் ஒத்தை ஆளா எவ்ளோதான் பாக்கறது? வாய மூடிக்கிட்டு கையெழுத்து வாங்கிட்டு வந்து சேரு. அடுத்து வர்றவங்க பாத்துக்கட்டும்."

அவன் சொன்னதில் தப்பு இருந்ததாக அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 

மறுநாள் டைரக்டரிடம் போனாள். காதும் காதும் வைத்தாற்போல் பேச வேண்டுமென்று கதவைச் சாத்தினாள். அவர் கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"ரொட்டியா? எத்தன ரொட்டி?"

"தெரியாது சார்."

"எத்தன மாடு தின்னுச்சு?"

"அதுவும் தெரியாது சார்."

"தெரியாததை எப்படிம்மா அறிக்கைல எழுதறது? தெரிஞ்சத மட்டும் எழுதணும்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க?" மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பார்க்கும்படி வைத்தார். மாற்றல் உத்தரவு. கையெழுத்து இடம் காலி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதுல கையெழுத்து போடறேன். வாக்குன்னா வாக்கு. திருப்பியும் மொதல்லேர்ந்து பண்ணணும்னா யாரு பண்றது? நீங்கதான் பண்ணணும். இன்னும் மூணு மழைக்காலம். யோசிச்சுக்கோங்க."

யோசித்தாள். யோசித்து, மென்று விழுங்கிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமைவரை வாயைத் திறக்கவில்லை. அதை மறைக்க வேண்டாம். வீட்டில் இரண்டு அட்டைப்பெட்டியில் பாத்திரங்கள் கட்டியாகிவிட்டதை ஸ்டோர்கீப்பர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்து எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மாமனார் பீட்ரூட்டை முகம் சுளித்துக்கொண்டு முழுசாகத் தின்றார். நடுப்பகலில் நாலாம் துண்டு மாடுகள் சுவரோரம் வந்து நின்று, கரண்டிச் சத்தத்துக்காகக் காதை ஆட்டி ஆட்டிக் காத்திருந்துவிட்டுப் போயின.

விழாவுக்கு நல்ல கூட்டம். பந்தலுக்குள் நாற்காலி போதாமல் பின்னால் குவார்ட்டர்ஸ் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். டைரக்டர் பேசினார். பேனர் காற்றில் படபடத்தது. கொழுத்த கிடேரியொன்றை மேடையோரம் கட்டியிருந்தார்கள். அது பந்தல் காலை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு டாக்டர் மைக்கைப் பிடித்து விதையளவு, விதைக்கும் பருவம், கொடி படரும் விதம் எல்லாம் சொன்னாள். எல்லாம் உண்மைதான். மாட்டின் எடையைப் பற்றி வந்தபோது மட்டும் பேனர் பக்கம் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். அதில் அவள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

முடிக்கிற நேரத்தில் இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். நாலு மாடு வைத்திருக்கிறவள், கையில் விதைப்பையைப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு நெலம். பழைய புல்லு நிக்குது, சுமாரா இருக்கு. அத உழுது போட்டுட்டு இத வெதைக்கச் சொல்றீங்க. வெதைச்சு மேயற மாதிரி வர்ற வரைக்கும் மாட்டுக்கு நான் வெளில வாங்கித்தான் போடணும். அது பரவால்ல, போட்டுடறேன். உங்க மாடு கொழுத்தது இந்தப் புல்லாலதானே? அத மட்டும் சொல்லிடுங்க, நாளைக்கே உழுதுடறேன்."

ஆமாம் என்றால் ரயில். ஒரே வார்த்தை. டைரக்டர் புன்னகையோடு அவளைப் பார்த்தார். டாக்டர் வாயைத் திறந்தாள்.

"உழாதீங்க."

மைக் கீச்சென்றது.

"இப்ப உழாதீங்க. எங்க மாடு எதால கொழுத்ததுன்னு எங்களுக்கே தெரியாது. சுவரோரமா மூணு வருஷமா எல்லாரும் ரொட்டியும் சோறும் போட்டிருக்காங்க. எங்க வீட்லயும்தான். எனக்கு அது தெரியாம போச்சு. தப்பு என்னோடது."

 பிறகு பின்வரிசையில் யாரோ, "ரொட்டி திங்கிற மாடா, அந்த ரொட்டி எங்க கிடைக்கும்னு சொல்லுங்க!" என்று கத்த, பந்தலே குலுங்கியது. குவார்ட்டர்ஸ் பெண்கள் சிரிக்கவில்லை. கேண்டீன் காண்டிராக்டர் கூட்டத்தின் நடுவிலிருந்து மெல்ல நழுவினார். கேள்வி கேட்ட அம்மாள் சிரிக்கிறவர்களைத் திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டு, விதைப்பையை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எந்தத் தாளிலும் கையெழுத்து விழவில்லை. டைரக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அவளுடைய ஆய்வுச் சுத்தத்தைப் பாராட்டி, ஆய்வை முதலிலிருந்து அவளே நடத்த வேண்டுமென்று உத்தரவு போட்டார். இனி ஒரு பருக்கை சுவர் தாண்டக் கூடாது என்று, சுவர் நெடுகவும் பின்சந்தின் இரண்டு முனையிலும் ஆளுயரக் கம்பிவலை அடிக்க வைத்தார். சந்துதான் பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்குவழி என்பதால் வலையில் ஒரு கதவு. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் திறக்கும். சாவி, பொறுப்பான விஞ்ஞானியிடம், அதாவது டாக்டரிடம் மட்டுமே இருக்க வேண்டும். தினமும், சனி ஞாயிறு உட்பட, அவளே திறக்க வேண்டும்.

வலை அடித்து முடித்த அன்று குவார்ட்டர்ஸே வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. மாடுகள் அந்தப் பக்கம் தாராளமாக மேய்ந்துகொண்டிருந்தன. மனிதர்கள் இந்தப் பக்கம் வலைக்குள். ஸ்டோர்கீப்பர் மனைவி கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"மேடம், எங்களயும் வாராவாரம் எடை போடுவீங்களா, இல்ல மாசத்துக்கு ஒரு தடவையா?"

யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவர்கள் டாக்டரிடம் பேசுவதைக் கதவு திறக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். மாமனார் நடுப்பகலில் வலையோரம் நாற்காலி போட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். புருஷன் போனில், "சரி" என்று மட்டும் சொன்னான். கீழ்த்தள வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்பதை அவன் சொல்லவில்லை, மகள் சொன்னாள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். அது அதிசயம். டாக்டர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, இந்த வாரம் நீ வர வாரம்தானே?"

"ஆமாண்டா..."

"வருவியா மாட்டியா? ஒண்ணு பேசணும். போன்ல முடியாது."

"என்னடா ஆச்சு? அப்பாகிட்ட சொல்லலாமில்ல?"

"அப்பாகிட்ட சொல்ற விஷயமா இருந்தா உன்ன ஏம்மா கூப்பிடறேன்? எந்த ட்ரெயின்ல வர்ற, சொல்லு."

டாக்டரின் கை இடுப்பில் செருகியிருந்த சாவியின் மேல் போய் நின்றது. கொல்லைப்பக்கம் வலையைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். அவள் ஒரு கையால் போனை மூடினாள்.

"மேடம்! கதவு!"

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"மேடம், பஸ்ஸு போயிடும்!"

"இருடா, இரு, வெச்சுடாதே" என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைத் திறக்க ஓடினாள்.